கியர்ப் பெட்டியைத் திறக்குமுன்



தாயகத்தை விட்டு வேறு மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழன்பர்கள் பலருக்கு மோட்டார் சைக்கிள் ஓர் இன்றியமையாத துணை. அலுவலகம் செல்வதற்கும், பிள்ளையைப் பள்ளியில் விடுவதற்கும், எங்கோ ஒரு மூலையில் உள்ள கடையைத் தேடிச் சென்று கறிவேப்பிலையும் சாம்பார் வெங்காயமும் வாங்கி வருவதற்கும் அதுவே உதவுகிறது. விற்பனைப் பிரதிநிதிகளாகவும், பொருள்களை வீடு வீடாகக் கொண்டு சேர்ப்பவர்களாகவும் உழைக்கும் இளைஞர்களுக்கோ பிழைப்பே அதன்மேல்தான் ஓடுகிறது. அத்தகைய வண்டி ஒருநாள் நடுவழியில் உறுமிக்கொண்டே நகர மறுக்குமானால், அல்லது கியர் மாற்றும்போது இடறுமானால், நம் வாயிலிருந்து முதலில் வரும் சொல் யாது? "கியர் பாக்ஸ் போய்விட்டது!" என்பதே அது. அந்த ஒரு வாக்கியம் எவ்வளவு செலவு வைக்கும் என்பதை அனுபவித்து அறிந்தவர் என்ற தகுதியில்தான் இன்று உங்கள் முன் பேச வந்துள்ளோம்.

நாம் இயந்திரக் கலை பயின்றவர் அல்லர். கலைப் பட்டம் பெற்று, மத்திய அரசின் அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்புப் பணி செய்பவர். சில ஆண்டுகளுக்கு முன் தில்லியில் ஒரு குளிர்காலக் காலைப் பொழுதில், மனைவியைப் பின்னால் அமர்த்திக்கொண்டு ஒரு மேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தோம். பாதி ஏற்றத்தில் எஞ்சினின் ஓசை திடீரென்று உயர்ந்தது. வண்டியின் வேகமோ குறைந்தது. கைப்பிடியை எவ்வளவு முறுக்கினாலும் ஓசைதான் பெருகிற்றே தவிர, வண்டி ஏறவில்லை. பின்னால் வந்த சரக்கு லாரி விடாது ஒலியெழுப்பிற்று. ஒருவாறு ஓரம் கட்டி இறங்கி, இருவருமாகத் தள்ளிக்கொண்டு பாலத்தின் மறுபுறம் சேர்ந்தோம். அப்போது கைகள் நடுங்கியது குளிரினால் மட்டுமன்று.

அண்மையில் இருந்த ஒரு பழுது பார்க்கும் கடைக்குச் சென்றோம். என்ன கோளாறு என்று மிஸ்திரி வினவினார். நமக்குத் தெரிந்த இந்தியைப் பயன்படுத்தி, "கியர் பாக்ஸ் கராப் ஹை" என்று பெருமிதத்தோடு விடை கூறினோம். அவரும் நாம் சொன்னதையே செய்தார். எஞ்சினைக் கழற்றினார், இரண்டாகப் பிளந்தார், சில பற்சக்கரங்களை மாற்றினார். மூன்று நாள்களும் ஆறாயிரம் ரூபாயும் கழிந்தன. வண்டியை எடுத்துக்கொண்டு அதே மேம்பாலத்தில் ஏறினோம்; பழைய உறுமல் அப்படியே திரும்பிற்று. அத்துடன், அதுவரை ஒரு துளியும் ஒழுகாத எஞ்சின், மறுநாள் தரையில் எண்ணெய்க் கறையைப் பதித்தது.

இறுதியில், மரத்தடியில் கடை வைத்திருந்த ஒரு முதியவரிடம் வண்டியைக் கொண்டு சென்றோம். அவர் திருகுமுறுக்கியைத் தொடவேயில்லை. எந்தக் கியரில், ஏற்றத்திலா சமதளத்திலா, எப்பொழுது முதல் என்று மூன்று கேள்விகள் கேட்டார். பின்னர் நான்காவதாக, "கடைசியாக ஊற்றிய எண்ணெய் எது?" என்றார். அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அண்டை வீட்டார் தம் காருக்கு வாங்கி மீந்த எண்ணெயை அன்புடன் கொடுக்க, வீணாக்குவானேன் என்று நாமே ஊற்றியிருந்தோம். குற்றம் கியர்ப் பெட்டியில் இல்லை. நாம் ஊற்றிய எண்ணெயில் கிளட்ச்சுத் தட்டுகள் வழுக்கிக்கொண்டிருந்தன. எண்ணெயை வடித்து உரியதை ஊற்றி, தட்டுகளையும் மாற்றியபின் வண்டி பழைய நிலையை அடைந்தது.

முதற் கடைக்காரரை நாம் பழிப்பதற்கில்லை. நோயாளி தன் நோயின் குறிகளைச் சொல்ல வேண்டும். நோயின் பெயரைச் சொல்லுதல் வைத்தியரின் வேலை. நாமோ குறிகளை விட்டுவிட்டுத் தீர்ப்பை வழங்கினோம். அந்தத் தீர்ப்பு நிறைவேற்றப்பட்டது. ஆகவே இன்று உங்களுக்கு நாம் கூற விரும்புவது ஒன்றே: கியர்ப் பெட்டியைத் திறப்பது கடைசி வேலை. அதற்கு முன் வெளியிலிருந்து உள்ளே, செலவில்லாததிலிருந்து செலவுள்ளதற்கு என்ற வரிசையில், நாமே பார்த்தறிய வேண்டியவை பல உள.

முதலில், எஞ்சினில் பிறக்கும் விசை பின்சக்கரத்தை அடையும் வழியைத் தெரிந்துகொள்வோம். எஞ்சினின் தண்டு சுழல்கிறது. அதனோடு இணைந்த பற்சக்கரமோ சங்கிலியோ அந்தச் சுழற்சியைக் கிளட்ச்சுக்குக் கொடுக்கிறது. கிளட்ச் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தட்டுகளின் தொகுதி. வில்சுருள்கள் அத்தட்டுகளை இறுக்கிப் பிடித்திருக்கும்வரை விசை கடந்து செல்லும். இடக்கைப் பிடியை நாம் இழுத்தால் இறுக்கம் தளர்ந்து, விசை துண்டிக்கப்படும். கிளட்ச்சைக் கடந்த விசை கியர்ப் பெட்டிக்குள் நுழைகிறது. அங்கே இரண்டு தண்டுகளில் இணை இணையாகப் பற்சக்கரங்கள் எப்போதும் ஒன்றையொன்று கவ்வியபடியே சுழல்கின்றன. காலால் நெம்புகோலை அழுத்தும்போது ஓர் உருளை திரும்புகிறது. அது கவை போன்ற உறுப்புகளை நகர்த்துகிறது. கவை ஒரு சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ள, அதன் கொம்புகள் அடுத்த சக்கரத்தின் குழிகளில் புகுந்து பூட்டிக்கொள்கின்றன. கியர் விழுந்தது என்று நாம் சொல்வது இதைத்தான். அங்கிருந்து வெளிவரும் விசை, சிறிய பற்சக்கரம், செயின், பெரிய பற்சக்கரம் என்ற வழியாகப் பின்சக்கரத்தை அடைகிறது. இந்த வழியில் எந்த இடத்தில் இடையூறு ஏற்பட்டாலும், அமர்ந்திருப்பவருக்கு அது கியர்க் கோளாறு போலவே தோன்றும்.

வண்டிக்கு வண்டி அமைப்பு வேறுபடும். 1955ஆம் ஆண்டில் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டது. அங்கு உருவான பழைய புல்லட் வண்டியில் எஞ்சின் வேறு, கியர்ப் பெட்டி வேறு, கிளட்ச் இருக்கும் பெட்டி வேறு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மசகு. ராஜ்தூத், எஸ்டி, ஆர்.எக்ஸ்.100 போன்ற இருவீச்சு வண்டிகளில் எஞ்சினுக்குப் பெட்ரோலுடன் சேரும் எண்ணெய். கியர்ப் பெட்டிக்குத் தனி எண்ணெய். 1985ஆம் ஆண்டில் ஹீரோ ஹோண்டாவின் சி.டி.100 வந்தது முதல் நாடெங்கும் பரவிய நால்வீச்சுச் சிறு வண்டிகளிலோ, ஏறத்தாழ ஒரு லிட்டர் எண்ணெய்தான் எஞ்சின், கிளட்ச், கியர்ப் பெட்டி ஆகிய மூன்றுக்கும் பொது. இன்று ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவை இவ்வகையே. ஆகவே எண்ணெயில் நேரும் பிழை மூன்றையும் தாக்கும். கியர் மாற்றத் தேவையில்லாத ஸ்கூட்டர்களில் பெல்ட்டு வழியே விசை செல்வதால், அவற்றின் நோய்கள் வேறு. அவை இன்றைய பேச்சில் அடங்கா.

இனி ஆய்வுக்கு வருவோம். நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய முதற்கேள்வி, கோளாறு விசை செல்லும் வழியில்தானா என்பது. இதற்கு விடை காணச் செவி ஒன்றே போதும். கைப்பிடியை முறுக்கும்போது எஞ்சினின் ஓசை உயர்ந்து, வண்டியின் வேகம் உயராவிட்டால், விசை வழியில் எங்கோ நழுவுகிறது. ஓசையும் வேகமும் சேர்ந்தே குறைந்து, எஞ்சின் இருமுவதுபோல் திணறினால், கோளாறு பெட்ரோல் வழியிலோ மின்பொறியிலோ இருக்கக்கூடும். கியர்ப் பெட்டியை நினைக்கவே வேண்டுவதில்லை. மூன்றாவதாக ஒன்றுண்டு. பின்சக்கரப் பிரேக் அளவுக்கு மீறி இறுகியிருந்தாலும் வண்டி இழுக்காது. நடு ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் வைத்துப் பின்சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். இலகுவாகச் சுழலாமல் உரசி நின்றால் முதலில் பிரேக்கைச் சரி செய்யுங்கள்.

அடுத்து, காலுக்கு அருகில் உள்ளதைப் பாருங்கள். கியர் நெம்புகோல், தண்டின் வரிகளில் பொருந்தி ஒரு மரையாணியால் இறுக்கப்பட்டிருக்கும். அந்த ஆணி தளர்ந்தால் நெம்புகோல் தன் பயணத்தில் பாதியை வீணாக்கிவிடும். கியர் பாதி விழும், அல்லது விழாது. வண்டி ஒருமுறை சாய்ந்து விழுந்திருந்தால் நெம்புகோல் உட்புறமாக வளைந்து, எஞ்சினின் உறையில் இடிக்கக்கூடும். இடமாற்றத்தின்போது வண்டியை ரெயில் பார்சலில் அனுப்புவோர் இதை மறக்கலாகாது. பெற்றுக்கொண்ட உடனே நெம்புகோலைத் தடவிப் பாருங்கள். குளிர்காலத்தில் தடித்த பூட்சு அணிபவர்கள், கால் நுனி நெம்புகோலுக்கு அடியில் நன்றாகப் புகுகிறதா என்றும் கவனிக்க வேண்டும். பாதி அழுத்தத்தில் கியர் இரண்டுக்கும் நடுவே நின்று வண்டி உறுமினால், அது இயந்திரத்தின் பிழையன்று, காலின் பிழை.

பின்னர் கிளட்ச்சுக் கம்பி. கைப்பிடியை மெல்ல இழுத்தால், தொடக்கத்தில் சிறிது தூரம் தடையின்றி வரவேண்டும். அதன் பின்னரே இழுவை தெரியவேண்டும். பெரும்பாலான சிறு வண்டிகளில் பிடியின் நுனியில் அளந்தால் இந்தத் தளர்ச்சி 10 முதல் 20 மில்லிமீட்டர் இருக்கலாம். உங்கள் வண்டிக்குரிய அளவு அதன் கையேட்டில் இருக்கும். தளர்ச்சி சிறிதும் இல்லையெனில், நாம் பிடியைத் தொடாதபோதும் கிளட்ச் பாதி இழுக்கப்பட்ட நிலையில் இருக்கிறது என்று பொருள். தட்டுகள் வழுக்கித் தேயும். தளர்ச்சி மிகுதியானால், பிடியை முழுவதும் இழுத்தாலும் கிளட்ச் முழுவதும் விடுபடாது. கியர் கரகரவென்று விழும், நிற்குமிடத்தில் நியூட்ரல் கிடைக்காது. இரண்டையும் கம்பியின் முனையில் உள்ள திருகைத் திருப்பியே சரி செய்யலாம். கம்பியின் இழைகள் முனையில் பிரிந்திருந்தால் அது அறுந்துபோகும் நாளை எதிர்நோக்காமல் மாற்றிவிடுங்கள்.

மூன்றாவது, செயின். கியர் துள்ளுகிறது என்று கடைக்கு வரும் வண்டிகளில் குற்றவாளி செயினாக இருப்பதுண்டு. நடு ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் வைத்துக்கொள்ளுங்கள். செயின் உறைக்குள் இருந்தால், பார்ப்பதற்கென்றே ஒரு துளையும் அதற்கு ரப்பர் மூடியும் இருக்கும். கீழ்ப்புறச் செயினை இரண்டு பற்சக்கரங்களுக்கும் நடுவே விரலால் மேலும் கீழும் அசைத்தால், சிறு வண்டிகளில் 20 முதல் 35 மில்லிமீட்டர் வரை ஆட்டம் காணலாம். கையேட்டின் அளவே முடிவானது. சக்கரத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பிப் பல இடங்களில் அளக்க வேண்டும். ஓரிடத்தில் இறுகியும் மற்றோரிடத்தில் தளர்ந்தும் இருந்தால் செயின் ஒரு சீராகத் தேயவில்லை என்று அறியலாம். பின்பற்சக்கரத்தின் மேலுள்ள செயினைப் பின்னோக்கி இழுத்துப் பாருங்கள். பல்லின் பாதிக்கு மேல் வெளியே தெரிந்தால் செயினின் ஆயுள் முடிந்தது. பற்கள் அரிவாள் நுனிபோல் ஒருபுறம் வளைந்திருந்தாலும் அவ்வாறே. அப்போது செயினையும் இரண்டு பற்சக்கரங்களையும் ஒருசேர மாற்றுவதே சிக்கனம்; தேய்ந்த பல் புதுச் செயினை விரைவில் கெடுத்துவிடும். செயினின் பூட்டு மீன்போல் இருக்கும். அதன் மூடிய தலை, செயின் ஓடும் திசையை நோக்கியிருக்க வேண்டும். வால் முன்னே இருந்தால் ஓட்டத்தில் கழன்றுவிடக்கூடும். அறுந்த செயின் சக்கரத்தில் சிக்கிப் பூட்டிக்கொண்டால் ஆள் விழுவது திண்ணம். மும்பை மழையில் ஓட்டுபவர்களும், இராசபுதனத்துப் புழுதியில் ஓட்டுபவர்களும் செயினைத் துடைத்து எண்ணெயிடும் வேலையைப் பிறரைவிட அடிக்கடி செய்ய வேண்டும்.

நான்காவதாக ஓர் உறுப்பு, பலரும் அறியாதது. பின்சக்கரக் குடத்துக்கும் பெரிய பற்சக்கரத்துக்கும் இடையே ரப்பர்த் துண்டுகள் வைக்கப்பட்டிருக்கும். எஞ்சினின் குலுக்கல் சக்கரத்தை நேரே தாக்காதபடி அவை வாங்கிக்கொள்கின்றன. ரப்பர் நைந்துபோனால், கைப்பிடியைத் திறக்கும்போதும் மூடும்போதும் வண்டி "டக்" என்று உதைக்கும். கியர்ப் பெட்டிக்குள் ஏதோ உடைந்துவிட்டது என்றே எண்ணத் தோன்றும். எஞ்சினை அணைத்து, கியரில் வைத்து, சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். பற்சக்கரம் நிற்க, குடம் மட்டும் தாராளமாக ஆடினால் குற்றம் ரப்பருடையது. கியர்ப் பெட்டியைப் பிரிக்கும் செலவில் ஒரு சிறு பங்குகூட இதற்கு ஆகாது.

இவை யாவும் சரியாக இருந்தால், எண்ணெயை நோக்குவோம். அளவு போதுமா என்பதைக் கையேட்டில் சொன்னபடி, வண்டியை நேராக நிறுத்திப் பார்க்க வேண்டும். வகை சரிதானா என்பது அதைவிட முக்கியம். கார்களின் கிளட்ச் எஞ்சின் எண்ணெயில் நனைவதில்லை. ஆகவே காருக்கான எண்ணெய்களில் சிலவற்றில், உராய்வைக் குறைத்து எரிபொருளை மிச்சப்படுத்தும் பொருள்கள் கலக்கப்படுகின்றன. எண்ணெயில் மூழ்கிய மோட்டார் சைக்கிள் கிளட்ச்சோ உராய்வினால்தான் வாழ்கிறது. காருக்கு நன்மையானது இதற்கு நஞ்சாகிவிடுகிறது. ஜாசோ எனப்படும் ஜப்பானிய மோட்டார் வாகனத் தர அமைப்பு, இத்தகைய கிளட்ச்சுக்கு ஏற்ற எண்ணெய்களுக்கு எம்.ஏ. என்ற குறியை வகுத்துள்ளது. உராய்வு குறைந்தவற்றுக்கு எம்.பி. என்பது குறி. எண்ணெய்ப் புட்டியின் பின்புறத்தில் இந்தக் குறியையும், கையேடு கூறும் தடிப்பு எண்ணையும் படித்துப் பார்த்து வாங்குங்கள். அந்த இரண்டு எழுத்துகளைப் படியாமல் விட்டதால் நாம் இழந்தது ஆறாயிரம் ரூபாய்.

ஐந்தாவது, கிளட்ச். இதற்கு இரண்டு நோய்கள் உண்டு. ஒன்று மற்றொன்றுக்கு நேர்மாறானது. முதலாவது வழுக்குதல். ஆளற்ற நேரான சாலையில், மூன்றாவது கியரிலோ மேல் கியரிலோ மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது கைப்பிடியைச் சட்டென்று திறங்கள். ஓசை முன்னே ஓடி, வேகம் பின்தங்கி வந்தால் கிளட்ச் வழுக்குகிறது. மேல் கியரிலும் ஏற்றத்திலும் பாரத்திலும் இது முதலில் தெரியும். எப்போதும் இரண்டு விரலைக் கிளட்ச்சுப் பிடியில் வைத்துக்கொண்டு ஓட்டுவது இதை விரைவில் வரவழைக்கும். இரண்டாவது நோய் விடாமை. பிடியை இழுத்தும் கிளட்ச் முழுவதும் விடாது, சிக்னலில் நிற்கும்போது வண்டி முன்னே நகரப் பார்க்கும், நியூட்ரல் அகப்படாது. எஞ்சினை அணைத்து, கியரில் வைத்து, பிடியை இழுத்துக்கொண்டு வண்டியைத் தள்ளிப் பாருங்கள். வண்டி உருண்டால் கிளட்ச் விடுகிறது. சக்கரம் இழுத்துப் பிடித்தால் விடவில்லை. வட நாட்டுக் குளிரில் விடியற்காலையில் எண்ணெய் கெட்டியாகித் தட்டுகள் ஒட்டிக்கொள்வது இயல்பு. சிறிது நேரம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு, பிடியை நாலைந்து முறை இழுத்து விட்டபின் கியரைப் போட்டால் வண்டி துள்ளாது. சூடேறிய பின்னும் அவ்வாறே இருந்தால்தான் நோய்.

இத்தனையும் கடந்த பின்னரே கியர்ப் பெட்டியின்மேல் ஐயம் கொள்ளலாம். அதற்கும் தனிக் குறிகள் உண்டு. போட்ட கியர் தானே கழன்று நியூட்ரலுக்கு வருமானால், அதுவும் எப்போதும் ஒரே கியரில், விசை ஏறும்போது நிகழுமானால், முன்னர்க் கூறிய கொம்புகளின் முனை மழுங்கியிருக்கலாம், கவை வளைந்திருக்கலாம், உருளையை நிலைநிறுத்தும் வில் தளர்ந்திருக்கலாம். ஒரு குறிப்பிட்ட கியரில் மட்டும் ஊளையிடும் ஓசை எழுந்து, மற்றவற்றில் மறைந்தால், அந்த இணைச் சக்கரங்களின் பற்கள் தேய்ந்திருக்கலாம். நியூட்ரலில் நிற்கும்போது கேட்கும் ஓசை, கிளட்ச்சுப் பிடியை இழுத்ததும் நின்றுவிட்டால், உட்புறத் தண்டின் பேரிங்கையோ கிளட்ச்சுக் கூட்டையோ சந்தேகிக்க வேண்டும். பிடியை இழுக்கும்போது மட்டும் ஓசை பிறந்தால், கிளட்ச்சை விடுவிக்கும் பேரிங்கைப் பார்க்க வேண்டும். வடித்த எண்ணெயும் சாட்சி சொல்லும். வடிதிருகில் காந்தம் இருப்பின், அதில் சாம்பல் நிறப் பசைபோல் மெல்லிய துகள் ஒட்டியிருப்பது இயல்பான தேய்மானம். நகக்கண்ணில் படும் அளவுக்கு உலோகச் சில்லுகள் வந்தாலோ, பல்லின் துண்டு வந்தாலோ ஐயம் தீர்ந்தது; பெட்டியைத் திறக்கத்தான் வேண்டும். ஆயினும் முதல் கியர் விழும்போது கேட்கும் ஒரு சிறு "கடக்" ஓசைக்காக அஞ்ச வேண்டா. அது பெரும்பாலும் வண்டியின் இயல்பு.

சில குறிகள் தோன்றினால் ஆராய்ச்சியை நிறுத்தி வண்டியையும் நிறுத்திவிட வேண்டும். ஓட்டத்தில் பின்சக்கரம் ஒரு கணம் இறுகி விட்டது போன்ற உணர்வு, எண்ணெயில் உலோகச் சில்லு, செயினில் உடைந்த கண்ணி, தானே கழலும் கியர் ஆகியவை அத்தகையன. அந்நிலையில் "வீடு வரை போய்விடலாம்" என்று எண்ணுதல் கூடாது. கியர்ப் பெட்டிக்குள் உடைந்த துண்டு இரண்டு பற்களுக்கிடையே புகுந்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பின்னால் அமர்ந்திருப்பவர் நம்மை நம்பி அமர்ந்திருக்கிறார் என்பதை மறவாதீர்கள்.

இறுதியாக, மிஸ்திரியிடம் சொல்லும் முறை. மொழி தெரியாத ஊரில் நம் அச்சமெல்லாம் இங்கேதான். ஆனால் உண்மையில் இது அவ்வளவு கடினமன்று. கிளட்ச், கியர், செயின், நியூட்ரல் என்னும் பெயர்கள் நாட்டின் எந்த மூலையிலும் செல்லும். மாறுபடுபவை வினைச்சொற்களே. நழுவுகிறதா, சிக்குகிறதா, கழன்றுவிடுகிறதா, ஒலிக்கிறதா என்ற நான்கு வினைகளை அந்த ஊர் மொழியில் கற்றுக்கொண்டால் போதும். இந்தி வழங்கும் ஊர்களில், "கிளட்ச் ஸ்லிப் மார் ரஹா ஹை" என்றால் வழுக்குகிறது; "கியர் அடக் ரஹா ஹை" என்றால் சிக்குகிறது; "கியர் அப்னே ஆப் நிகல் ஜாதா ஹை" என்றால் தானே கழல்கிறது; "ஆவாஜ் ஆ ரஹீ ஹை" என்றால் ஓசை வருகிறது. செயின் ஓடும் பற்சக்கரத்தை அங்கே "கராரி" என்பார்கள். இவற்றோடு எந்தக் கியரில், சூட்டிலா குளிரிலா, ஏற்றத்திலா சமதளத்திலா, எப்போது முதல், அதற்கு முன் என்ன வேலை செய்தோம் என்ற ஐந்து செய்திகளைச் சேர்த்துச் சொல்லுங்கள். "செயின், கேபிள், எண்ணெய் ஆகியவற்றைப் பார்த்துவிட்டேன்" என்றும் கூறுங்கள். பெட்டியைத் திறந்தே ஆகவேண்டும் என்றால், மதிப்பீட்டை முன்னதாக எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய உறுப்புகளைத் திருப்பித் தரும்படியும் கேளுங்கள். தேய்ந்த கொம்பையோ உடைந்த பல்லையோ உங்கள் கண்ணால் கண்டால், கொடுத்த பணம் எதற்கு என்பது விளங்கும்.

மொழிபெயர்ப்பாளரான நமக்கு அலுவலகத்தில் ஒரு விதி உண்டு: மூலத்தில் இல்லாததைச் சேர்க்கக் கூடாது. அன்று மிஸ்திரியின் முன் நாம் அந்த விதியை மீறினோம். வண்டி கூறியது "மேல் கியரில், ஏற்றத்தில் வழுக்குகிறேன்" என்பது. நாம் பெயர்த்துச் சொன்னது "கியர் பாக்ஸ் கெட்டுவிட்டது" என்பது. அது பிழையான பெயர்ப்பு. உங்கள் வண்டி எதைச் சொல்கிறதோ அதை மட்டும் எடுத்துச் சொல்லுங்கள். பொருள் காணும் வேலையைத் தொழில் தெரிந்தவரிடம் விடுங்கள்.

இன்னும் அந்த வண்டியைத்தான் ஓட்டி வருகிறோம். ஞாயிறு காலைகளில் செயினைத் துடைத்து, கம்பியின் தளர்ச்சியை விரலால் பார்த்து, எண்ணெயின் அளவை நோக்குவதற்குக் கால் மணி நேரம் ஆகிறது. அதன் பிறகு அந்த மேம்பாலத்தில் ஒருநாளும் தள்ளிக்கொண்டு ஏறும்படி நேரவில்லை. உங்களுக்கும் நேராதிருக்கட்டும்.